சின்னப் பாடசாலை, டொலர்க் கட்டணம்: கொழும்பு 5இன் ஒரு சர்வதேசப் பாடசாலை

பிள்ளைக்கு 11 வயதுக்குக் கீழ் என்றால் யோசிக்காமல் சேர்க்கலாம். 13 வயதைத் தாண்டிய பிள்ளை என்றால், விஞ்ஞான ஆய்வுகூடத்தைத் திறக்கச் சொல்லிப் பார்க்காமல் அனுமதிக் கட்டணம் கட்டவேண்டாம். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்தான்.

பாடசாலையின் பெயரைச் சொல்லவில்லை. கீழே வரும் குறைகளில் பாதிக்கு மேல் கொழும்பில் இதே அளவில் நடக்கும் எந்தச் சர்வதேசப் பாடசாலைக்கும் பொருந்தும். ஒன்றை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. ஒழுங்கைக்குள் பழைய இரண்டு மாடி வீடு, அதன் பின்னால் பிறகு எழுப்பிய வகுப்பறைக் கட்டடம், நடுவே கூரை போட்ட சிமெந்து முற்றம். மழலையர் வகுப்பிலிருந்து 11ஆம் ஆண்டு வரை ஆண்டுக்கு ஒரே ஒரு வகுப்பு. கீழ் வகுப்புகளில் 14, 15 பிள்ளைகள். மேலே போகப்போக 8, 9. தூதரகம், ஐ.நா. அலுவலகங்கள், ஆடைத் தொழிற்சாலைகள், ஹோட்டல்களில் வேலை செய்யும் வெளிநாட்டவரின் பிள்ளைகள் பாதி. மீதி உள்ளூர்ப் பிள்ளைகள். தமிழ்ப் பிள்ளைகளும் இரண்டு வகை: சென்னை, கோயம்புத்தூரிலிருந்து இரண்டு மூன்று வருட ஒப்பந்தத்தில் வந்தவர்களின் பிள்ளைகள், லண்டன், டொரொன்டோவிலிருந்து திரும்பி வந்து வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ வீடெடுத்தவர்களின் பிள்ளைகள். இந்த இரு தரப்பும் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு வேறு.

கொழும்பில் பெயர் பெற்ற பழைய இடங்கள் உண்டு. ஓவர்சீஸ் ஸ்கூல் ஒஃப் கொலம்போ 1957இல் தொடங்கியது. இப்போது பெலவத்தையில் ஐ.பி. (இன்டர்நெஷனல் பக்கலோரியட்) பாடத்திட்டத்தோடு நடக்கிறது. கொலம்போ இன்டர்நெஷனல் ஸ்கூல் 1982, பிரிட்டிஷ் ஸ்கூல் 1994. அந்த வரிசையின் கட்டணம் கைக்கு எட்டாதவர்களும், பெரிய கூட்டத்தில் பிள்ளை தொலைந்துபோகும் என்று நினைப்பவர்களும்தான் சின்னப் பாடசாலையைத் தேடி வருகிறார்கள். இரண்டாவது காரணம் உண்மையான காரணம்.

புதிதாக வருபவர்கள் கவனிக்காத விஷயம் ஒன்று: இலங்கையில் சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள். அரசாங்கப் பாடசாலைக்குப் போவதுபோல வலயக் கல்விப் பணிமனையிலிருந்து யாரும் இங்கே வந்து கொப்பி பார்ப்பதில்லை. உங்களுக்கும் பாடசாலைக்கும் நடுவே இருப்பது நீங்கள் கையெழுத்திடும் அனுமதிப் படிவம் மட்டுமே. ஆகவே சுவரில் தொங்கும் சான்றிதழ்களை நின்று வாசியுங்கள். ‘கேம்பிரிட்ஜ் பதிவு பெற்ற பாடசாலை’ என்றால் அந்தப் பாடத்திட்டத்தைப் படிப்பிக்கவும் பரீட்சைக்கு அனுப்பவும் அனுமதி உண்டு என்பது பொருள். கற்பித்தலையும் நிருவாகத்தையும் வெளியிலிருந்து வந்து சோதித்துத் தரும் அங்கீகாரம் வேறு. அதைத் தரும் சபைகளில் ஒன்றின் சுருக்கப் பெயரும் சி.ஐ.எஸ்.; கொழும்பில் சி.ஐ.எஸ். என்றால் எல்லோரும் கொலம்போ இன்டர்நெஷனல் ஸ்கூலை நினைப்பார்கள். இந்தக் குழப்பத்தை விளம்பரங்கள் திருத்துவதில்லை. கேட்க வேண்டியது: பரீட்சை நிலைய எண் பாடசாலையின் பெயரில் இருக்கிறதா, அல்லது பிள்ளைகள் பிரிட்டிஷ் கவுன்சில் வழியாகப் பரீட்சை எழுதுகிறார்களா? இரண்டும் முறையானவைதான். இரண்டாவது வழியில் பதிவுக் கட்டணத்தையும் கடைசித் தேதியையும் பெற்றோரும் கண்காணிக்க வேண்டியிருக்கும்.

இனி நல்லது. ஆரம்பப் பிரிவு உண்மையிலேயே நல்லது. 2ஆம் ஆண்டு வகுப்பில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பார்த்தால் விளங்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு வாசிப்புப் புத்தகம், அதோடு ஒரு சின்னக் கொப்பி. புத்தகத்தின் முதுகில் நிறப்பட்டி: இளஞ்சிவப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று படிப்படியாக ஏறும். மிஸ் வாரத்துக்கு இரண்டு தடவை பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி வாசிக்கச் சொல்லி, தடுக்கிய சொற்களைக் கொப்பியில் குறிக்கிறார். வீட்டில் வாசித்ததைப் பெற்றோர் அதே பக்கத்தில் எழுதவேண்டும். 30 பிள்ளைகள் உள்ள வகுப்பில் வாரத்துக்கு இரண்டு தடவை என்பது கணக்கிலேயே நடக்காது: ஒரு பிள்ளைக்கு 6 நிமிடம் என்றாலும் 6 மணி நேரம் போய்விடும். 14 பிள்ளைகளுக்கு 3 மணி நேரத்துக்குள் முடியும்.

தமிழ் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு இந்தக் கவனிப்பு இரட்டிப்பு லாபம். ‘ஃபேன்’, ‘பேன்’, ‘வேன்’ மூன்றையும் ஏறக்குறைய ஒரே உதட்டசைவில் சொல்லும் பிள்ளை, ஒலிமுறையில் எழுத்துக் கற்பிக்கும் வகுப்பில் எழுத்துக்கூட்டும்போது பிழை விடும். அது காது பழகாத பிழை, மந்தம் இல்லை. கூட்டத்தில் இதைப் பிரித்தறிய நேரம் இருக்காது, ‘மேலதிக ஆங்கிலம்’ என்று தள்ளிவிடுவார்கள். இங்கே ஆசிரியைகள் பிரித்தறிகிறார்கள். மேலதிக ஆங்கில வகுப்பு இங்கேயும் உண்டு, தனிக் கட்டணத்தோடு. எந்தப் பாடவேளையில் பிள்ளையை வெளியே எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். வழக்கமாக இரண்டாம் மொழிப் பாடத்தில் எடுப்பார்கள், அது பரவாயில்லை. கணிதத்திலோ விஞ்ஞானத்திலோ எடுத்தால் மறுக்கலாம்.

இன்னொரு நல்ல பழக்கம், வருடத்தின் நடுவே வரும் பிள்ளையை ஏற்கும் விதம். ஜனவரியிலும் ஏப்ரலிலும் யாராவது வந்துகொண்டே இருப்பதால் புதுப்பிள்ளை இங்கே அதிசயம் இல்லை. முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு துணைப்பிள்ளையை ஒதுக்குகிறார்கள். இடைவேளையில் தனியே நிற்க விடமாட்டார்கள். இதன் மறுபக்கமும் உண்டு. ஜூன் மாதத்தில் வகுப்பில் நாலைந்து பேர் நாடு மாறிப் போய்விடுவார்கள். 15 பேரில் 5 பேர் போனால் பிள்ளையின் நட்பு வட்டம் முழுவதும் போனதுபோல. நெருங்கிய சிநேகிதி ஒருத்தியே உலகம் என்று இருக்கும் பிள்ளைக்கு இது சரிவராது.

ஆசிரியர்களும் இரண்டு வருடத்தில் மாறுகிறார்கள். வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு ஒப்பந்தமே அவ்வளவுதான். உள்ளூர் ஆசிரியர்கள் ரூபாய்ச் சம்பளத்தில் நின்றவர்கள். 2022க்குப் பிறகு மாலைதீவுக்கும் வளைகுடாவுக்கும் போவது கூடிவிட்டது. தாழ்வாரத்தில் ஆசிரியர் குழுப்படம் வருடவாரியாகத் தொங்கும். மூன்று வருடத்துக்கு முந்தைய படத்தைக் காட்டி, இதில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று கேட்டால் போதும். ஆரம்பப் பிரிவில் பாதிக்கு மேல் இருந்தால் நல்ல சகுனம். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் யாரும் இல்லையென்றால் அடுத்த பந்தியைக் கவனமாக வாசியுங்கள்.

மேல் பிரிவு. 11ஆம் ஆண்டின் முடிவில் எழுதும் கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. பரீட்சையின் விஞ்ஞானப் பாடங்களில் செய்முறைக்கு இரண்டு வழி உண்டு: ஆய்வுகூடத்தில் நின்று செய்து எழுதும் 5ஆம் தாள், அல்லது ‘செய்முறைக்கு மாற்று’ என்ற எழுத்துத் தாளான 6ஆம் தாள். சின்னப் பாடசாலைகள் அநேகமாக 6ஐத்தான் எடுக்கும், இதுவும் எடுக்கிறது. பெறுபேற்றுச் சான்றிதழில் வித்தியாசம் தெரியாது. விளைவு பிறகு வரும். பியூரட் என்ற அளவுக் குழாயிலிருந்து துளித்துளியாக விட்டு நிறம் மாறும் இடத்தைக் கண்ணால் பிடித்துப் பழகாமல், படத்தைப் பார்த்து விடை எழுதிப் பழகிய பிள்ளை கேம்பிரிட்ஜ் உயர்தரத்துக்குப் போனால், அங்கே செய்முறைத் தாளை ஆய்வுகூடத்தில் செய்தே தீரவேண்டும். எடெக்செல் என்ற இன்னொரு பரீட்சைச் சபையின் சர்வதேச உயர்தரத்தில் செய்முறைத் திறனும் எழுத்துத் தாள்தான். ஆகவே இங்கிருந்து போகும் பிள்ளைக்கு எடெக்செல் வழி இலகு. இதைப் பாடசாலையே சொல்லியிருக்க வேண்டும்.

ஆய்வுகூடத்தைப் பார்க்கும்போது மேசையின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். புகையை வெளியே இழுக்கும் பெட்டி வேலை செய்கிறதா, வாயுக் குழாய் இணைப்பு இருக்கிறதா அல்லது ஸ்பிரிட் விளக்கா, பியூரட்டுகள் எத்தனை, கழுவும் தொட்டியில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். தவணை நடுவில் தொட்டி காய்ந்து கிடந்தால் அந்த அறை கூட்ட மண்டபம்தான். இங்கே பியூரட்டுகள் நாலு. வகுப்பில் ஒன்பது பேர். தொட்டி காய்ந்திருந்தது.

பாடத்தெரிவும் குறுகல். ஒன்பது பிள்ளைகளுக்கு ஆறு தெரிவுப் பாடங்களுக்கு மேல் நடத்தக் கட்டுபடியாகாது. இரசாயனவியலும் வணிகக் கல்வியும் ஒரே பாடவேளையில் விழும். ஒன்றை எடுத்தால் மற்றது இல்லை. மருத்துவம் நினைக்கும் பிள்ளைக்குப் பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் மூன்றும் தனித்தனியாகக் கிடைக்குமா என்று 9ஆம் ஆண்டிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியா திரும்பி நீட் எழுத நினைப்பவர்களுக்கு இது கட்டாயம். கணிதத்திலும் ஒரு பொறி இருக்கிறது: அடிப்படைத் தாள், விரிவுத் தாள் என்று இரண்டு நிலை. அடிப்படையில் எழுதினால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சி-க்கு மேல் கிடைக்காது. சின்ன வகுப்பில் இரண்டு நிலைக்கும் ஒரே ஆசிரியர், ஒரே அறை. எந்த நிலைக்குப் பதிவு செய்கிறார்கள் என்பதைப் பதிவுக்கு முந்தைய தவணையிலேயே கேட்டால் மாற்ற அவகாசம் கிடைக்கும்.

தமிழ் இங்கே இல்லை. மொழித் தெரிவு பிரெஞ்சும் சிங்களமும். அரசியலமைப்பில் 1987இலேயே அரச கரும மொழியாகிவிட்ட தமிழ், தலைநகரின் இந்த மதிலுக்குள் இன்னும் நுழையவில்லை. கோபப்பட்டுப் பயனில்லை, இரண்டு பிள்ளைக்காக ஆசிரியர் வைக்கமாட்டார்கள். ஆனால் கேம்பிரிட்ஜ் சாதாரண தரப் பரீட்சையில் தமிழ் ஒரு பாடம். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து கடிதம் கொடுத்துக் கேட்டால், பாடசாலை முடிந்தபின் வகுப்பறையைத் தருகிறார்கள். ஆசிரியரைப் பெற்றோர் தேட வேண்டும். வெள்ளவத்தையில் தமிழ் டியூஷனுக்குக் குறைவில்லை, ஆனால் அவர்கள் உள்ளூர்ப் பாடத்திட்டத்துக்குப் பழகியவர்கள். பழைய வினாத்தாளைக் கையில் கொடுத்துப் பேசுங்கள். ஐ.பி. பாடசாலைக்கு மாறும் எண்ணம் இருந்தால், அங்கே வீட்டுமொழி இலக்கியத்தை ஆசிரியர் இல்லாமலே பாடசாலை ஆதரவோடு சுயமாகப் படிக்கும் வழி உண்டு. பொதுநிலையில் மட்டும்தான், உயர்நிலையில் இல்லை. எழுத வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கே அது கைகொடுக்கும்.

பெயர் விஷயம் தமிழ்ப் பெற்றோருக்கென்றே உள்ள தலையிடி. பாடசாலையின் கணினியில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள். நமக்குத் தகப்பன் பெயர் முன்னாலும் வரும், பின்னாலும் வரும், தலைப்பெழுத்தாகவும் நிற்கும். இந்தியக் கடவுச்சீட்டுச் சிலவற்றில் குடும்பப்பெயர்க் கட்டம் வெறுமை. அலுவலகத்தில் இருப்பவர் கட்டம் நிரம்பவேண்டும் என்பதற்காக எதையாவது போட்டுவிடுவார். அது அப்படியே பரீட்சைப் பதிவுக்குப் போய், சான்றிதழில் அச்சாகிவிடும். பரீட்சைக்கு முன் தரும் பதிவு அறிக்கையில் பெயரையும் பிறந்த தேதியையும் கடவுச்சீட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். அந்தக் கட்டத்தில் திருத்தம் ஒரு மின்னஞ்சல். சான்றிதழ் வந்தபின் என்றால் விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு.

ஆண்டுக் கணக்கும் குழப்பும். ஆங்கிலேய முறையில் 6ஆம் ஆண்டு என்பது இந்தியாவின் 5ஆம் வகுப்பு. சென்னையில் 4 முடித்த பிள்ளையை செப்டெம்பரில் 6இல் போட்டால் இரட்டைத் தேர்ச்சி என்று சந்தோஷப்பட வேண்டாம். திரும்பிப் போகும்போது 6க்குத்தான் தகுதி. இந்தியாவில் சி.பி.எஸ்.இ. வருடம் ஏப்ரலில் தொடங்கும், இங்கே ஓகஸ்ட் கடைசியில். ஏப்ரலில் வருபவர்கள் கடைசித் தவணைக்குச் சேர்த்துவிடுவதே நல்லது: பாடம் குறைவு, பழக நேரம் அதிகம். ஐ.ஜி.சி.எஸ்.இ. மே–ஜூன் பரீட்சையின் முடிவு ஓகஸ்டில்தான் வரும். இந்தியாவில் 11ஆம் வகுப்பு அதற்குள் தொடங்கிவிடும். பாடசாலையின் எதிர்பார்ப்புப் பெறுபேற்றுக் கடிதத்தோடு தற்காலிக அனுமதி வாங்கி, பிறகு சமநிலைச் சான்றிதழ் கொடுக்கவேண்டும்.

லண்டனிலிருந்து வந்தவர்களுக்கு வேறொரு கணக்கு. பிரித்தானியக் கடவுச்சீட்டு இருந்தால் அங்கே பல்கலைக்கழகத்துக்கு உள்நாட்டுக் கட்டணம் என்று பலர் நினைக்கிறார்கள். பொது விதி, படிப்புத் தொடங்குவதற்கு முந்தைய மூன்று வருடம் அங்கே வசித்திருக்க வேண்டும் என்பது. தற்காலிக வேலைக்காக வெளியே இருந்தோம் என்று காட்டினால் விலக்கு உண்டு. அதற்கு வேலை ஒப்பந்தம், அங்கே வைத்திருக்கும் வீடு போன்ற ஆதாரம் வேண்டும். 15 வயதில் பிள்ளையைக் கூட்டிவரும் குடும்பம் பாடசாலைக் கட்டணத்தோடு இந்த வித்தியாசத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கட்டும்.

சாப்பாடு. கன்டீனில் ரோல்ஸ், பற்றீஸ், மாலு பான் (மீன் பணிஸ்), மத்தியானம் சோறு. சைவப் பிள்ளைக்கு மிகக் கவனம் வேண்டியது சீனிச் சம்பல் பணிஸ். பார்த்தால் வெங்காயமும் மிளகாயும்தான். உள்ளே மாசி (மாலைதீவுக் கருவாடு) இருக்கும். தேங்காய்ச் சம்பலிலும் மாசி போடுவார்கள். ‘மீன் இருக்கிறதா’ என்று கேட்டால் கன்டீன்காரர் இல்லை என்றே சொல்வார், மாசியை அவர் மீன் கணக்கில் சேர்ப்பதில்லை. ‘உம்பலகட’ என்று சிங்களத்தில் கேளுங்கள். வீட்டிலிருந்து கொடுத்தனுப்புவதென்றால், கச்சான் (வேர்க்கடலை) முற்றாகத் தடை. இட்லிக்குக் கச்சான் சட்னி வைத்தால் பெட்டி திறக்காமலே வீடு திரும்பும். பொரித்த கச்சான் தூவிய மிக்சரும் அப்படியே. காரணம் நியாயமானது, ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். தேங்காய்ச் சட்னி பிரச்சினை இல்லை, 10 மணிக்குள் சாப்பிட்டால். அறை வெக்கையில் அதற்குப் பிறகு புளிக்கத் தொடங்கும்.

நுளம்பு பற்றி: 2017இல் நாட்டில் 1,86,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவானார்கள். முட்டையிலிருந்து நுளம்பாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். ஏப்ரல் விடுமுறையில் பாடசாலை இரண்டு மூன்று வாரம் பூட்டிக் கிடக்கும்; பீலியில் இலை அடைத்த நீர், குளிரூட்டியின் கீழ்த் தட்டு, பூச்சட்டித் தட்டு எல்லாம் நாற்றங்கால். திறப்பதற்கு முதல் நாள் புகை அடிப்பதைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். புகை பறக்கும் நுளம்பைத்தான் கொல்லும், குடம்பியை இல்லை. விடுமுறையில் வாரம் ஒரு தடவை நீரைக் கொட்டுவது யார் வேலை என்று கேட்டபோது இங்கே பெயர் சொல்லிப் பதில் வந்தது. நல்ல பதில்.

வான் சேவை பாடசாலையுடையது அல்ல, வெளியாருடையது. பெலவத்தைப் பக்கம் இருந்து வரும் பிள்ளை காலை 6.20க்கே ஏறவேண்டும். பிற்பகல் சுகம்: அரசாங்கப் பாடசாலைகள் 1.30க்கு விட்டு, திம்பிரிகஸ்யாய நெரிசல் அடங்கியபின் 2.30க்கு இங்கே விடுகிறார்கள். வானில் உதவிக்கு ஒரு பெண் இருக்கிறாரா, கடைசிப் பிள்ளை இறங்கும்வரை இருப்பாரா என்று பாருங்கள்.

கடைசியாகக் காசு. திருப்பித் தராத அனுமதிக் கட்டணம், திருப்பித் தரும் வைப்புப் பணம், தவணைக் கட்டணம் மூன்று, பிறகு பரீட்சைக் கட்டணம், மேலதிக ஆங்கிலம், சுற்றுலா, சீருடை. சகோதரச் சலுகை தவணைக் கட்டணத்துக்கு மட்டும். கட்டணம் டொலரில், கட்டுவது அன்றைய வங்கி விலைக்கு ரூபாயில். 2022 மார்ச்சுக்கு முன் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 1,500 டொலர்த் தவணை 3 இலட்சத்திலிருந்து 5 இலட்சத்து 40 ஆயிரம் ஆனது அப்படித்தான். ரூபாயில் சம்பளம் வாங்குபவர்கள் ரூபாயில் விலை குறிக்கும் பாடசாலையைத் தேடுவது புத்தி. வைப்புப் பணத்தில் எதிர்ப்பக்கம் அடி: அதை ரூபாயில் பதிந்து வைத்து, அதே ரூபாயைத் திருப்பித் தருகிறார்கள். டொலர் 180ஆக இருந்தபோது கட்டிய 3,60,000 ரூபாய் 2,000 டொலர். 360இல் திரும்ப வாங்கினால் 1,000. கட்டணம் டொலரிலும் வைப்பு ரூபாயிலும் என்பது எப்படிப் பார்த்தாலும் ஒருபக்கச் சாய்வு. வைப்பையும் டொலரிலேயே பதியும்படி கேளுங்கள். சில குடும்பங்களுக்குச் செய்து கொடுத்திருக்கிறார்கள்.

கம்பனி கட்டணம் கட்டினாலும் படிவத்தில் கையெழுத்திடுவது பெற்றோர்; கம்பனி பிந்தினால் நினைவூட்டல் உங்களுக்கே வரும். விலகுவதற்கு ஒரு முழுத் தவணை முன்னறிவித்தல் வேண்டும், தவறினால் ஒரு தவணைக் கட்டணம் வைப்பிலிருந்து கழியும். ஆனால் இடமாற்றக் கடிதம் உங்கள் கைக்கு வருவது ஆறு வாரத்துக்கு முன்தான். வேலைவழங்குநரின் கடிதத்தைக் காட்டினால் ஆறு வார அறிவித்தல் போதும் என்ற வரியை, சேரும் நாளிலேயே, அதிபரின் கையெழுத்தோடு படிவத்தில் எழுதி வாங்குங்கள். விடுகைப் பத்திரமும் பிள்ளையின் கோவையும் கட்டண நிலுவை தீர்ந்த பிறகே கிடைக்கும். விமான டிக்கெட் தேதிக்கு இரண்டு வாரம் முன்னே கணக்கை முடித்து, பத்திரத்தில் ஆண்டும் பெயரும் சரியா என்று கணக்காளரின் மேசையிலேயே நின்று பாருங்கள்.